மூன்று முனை டெஸ்டர்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

மதுரை டவுன் ஹால் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டருக்கு அடுத்து வாங்க யோசிக்கும் கருவி எல்சிஆர்-டி4 என்ற பாக டெஸ்டர். மேலே நெம்புகோல் வைத்த சாக்கெட், நடுவில் சிறிய டிஸ்ப்ளே, ஒரே ஒரு பட்டன், வாலில் 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். டிரான்சிஸ்டரோ டயோடோ மாஸ்ஃபெட்டோ, கால்களை எந்த வரிசையில் செருகினாலும் அது என்ன பாகம், எந்தக் கால் எது என்று சில நொடிகளில் படம் போட்டுக் காட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மல்டிமீட்டர் வைத்திருப்பவர் அடுத்து வாங்கவேண்டியது இதுதான். ஆனால் இது காட்டும் எல்லாமே ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சிலவற்றை நம்பினால் நல்ல பாகம் குப்பைக்கும் கெட்ட பாகம் சர்க்யூட்டுக்கும் போய்விடும்.

உள்ளே இருப்பது ஏடிமெகா 328 மைக்ரோகன்ட்ரோலர். மென்பொருள், ஜெர்மனியின் மார்க்குஸ் ஃப்ரெயெக் தொடங்கி கார்ல்-ஹைன்ஸ் கூப்பெலர் வளர்த்தெடுத்த திறந்த மூலத் திட்டத்தில் இருந்து வந்தது. சந்தையில் பத்துப் பெயரில் விற்றாலும் பெரும்பாலானவற்றுக்கு மூளை ஒன்றுதான். மூன்று முனைகளில் ஒவ்வொன்றையும் 680 ஓம் வழியாகவோ, 470 கிலோஓம் வழியாகவோ, நேராகவோ 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மாற்றி மாற்றி இணைத்து, மற்ற முனைகளில் என்ன வோல்ட்டேஜ் வருகிறது என்று அளக்கிறது. ஆக, சோதனைக்கு இதன் கையில் இருப்பது அதிகபட்சம் 5 வோல்ட், சுமார் 7 மில்லிஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கருவி எங்கே சரியாகச் சொல்லும், எங்கே தடுமாறும் என்பதை நீங்களே கணித்துவிடலாம்.

சிறிய டிரான்சிஸ்டர்களில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. முக்கியமாகக் கால் வரிசை. பிசி 547-ஐத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904-க்கு அதே நிலையில் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிஎன் 2222ஏ 3904-ஐப் போல, ஆனால் பெயரில் கொஞ்சமே மாறும் பி2என் 2222ஏ 547-ஐப் போல. கடையில் வெறுமனே "2222 குடுங்கண்ணே" என்று கேட்டால் இரண்டில் எதுவும் வரலாம். தலைகீழாகப் போட்டாலும் டிரான்சிஸ்டர் உடனே செத்துவிடாது, மிகக் குறைந்த கெயினில் (பேஸ் கரண்ட்டைப் பெருக்கும் அளவு) அரைகுறையாக வேலை செய்யும். ரிலே ஒருநாள் இழுக்கும், மறுநாள் இழுக்காது. இந்த மாதிரிப் பிழையைத் தேடி ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். டெஸ்டரில் வைத்தால் பத்து நொடி.

"547 இல்ல தம்பி, 548 இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொல்வதும் பாதி உண்மை. கால் வரிசை ஒன்று, கெயின் ஒன்று. தாங்கும் வோல்ட்டேஜ் வேறு: கலெக்டர்-எமிட்டருக்கு இடையே 546-க்கு 65, 547-க்கு 45, 548-க்கு 30 வோல்ட். 12 வோல்ட் வேலைக்கு எது கிடைத்தாலும் சரி. 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை ரெக்டிஃபை செய்து ஃபில்டர் போட்டால் லோடு இல்லாதபோது 33 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அங்கே 548 போடக்கூடாது. இந்த வித்தியாசத்தை டெஸ்டர் காட்டாது. அதன் 5 வோல்ட்டுக்கு 30-ம் ஒன்றுதான், 65-ம் ஒன்றுதான். வோல்ட்டேஜ் தாங்குதிறனை, தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

கருவி காட்டும் எச்எஃப்இ எண்ணை, அதாவது கெயினை, எங்கே பொருட்படுத்துவது, எங்கே விட்டுவிடுவது? 547-ன் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து கெயின் பிரிவைச் சொல்லும்: ஏ பிரிவுக்கு 110 முதல் 220, பி-க்கு 200 முதல் 450, சி-க்கு 420 முதல் 800. ரிலேயை இயக்கும் வேலையில் இதற்கு மதிப்பே இல்லை. 12 வோல்ட் சின்ன ரிலேயின் காயில் 400 ஓம் என்றால் 30 மில்லிஆம்பியர் இழுக்கும். பேஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 3 மில்லிஆம்பியர், கொடுத்துவிட்டால் எந்தப் பிரிவாக இருந்தாலும் முழுசாக ஆன் ஆகிவிடும். 5 வோல்ட் அவுட்புட்டில் இருந்து என்றால் பேஸ்-எமிட்டரின் 0.7 போக மிச்சம் 4.3-ஐ 0.003-ஆல் வகுக்க 1.43 கிலோஓம் வருகிறது, பேஸுக்கு 1.2 கிலோஓம் போடுங்கள். காயிலுக்குக் குறுக்கே 1என் 4007, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே அணையும்போது காயில் திருப்பி அடிக்கும் வோல்ட்டேஜ் 45-ஐத் தாண்டிப் போய் டிரான்சிஸ்டரைக் கொல்லும். 5 வோல்ட் ரிலேக்கு 547 வேண்டாம். 70 ஓம் காயில் 71 மில்லிஆம்பியர் கேட்கும், 547-ன் எல்லையே 100. அதே கால் வரிசையில் 800 மில்லிஆம்பியர் தாங்கும் பிசி 337 கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரத்தில் மட்டும் கதை வேறு. அங்கே பேஸ் கரண்ட் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் 100 கிலோஓம் காட்டினால் 9 வோல்ட்டில் பேஸுக்குப் போவது சுமார் 83 மைக்ரோஆம்பியர். கெயின் 110 என்றால் கலெக்டரில் 9 மில்லிஆம்பியர், 420 என்றால் 35. பஸ்ஸருக்கு 20 வேண்டுமென்றால் ஏ பிரிவு முனகும், சி பிரிவு கத்தும். உப்பு கூடிய போர்வெல் தண்ணீர் நன்றாகக் கடத்தும் என்பதால் எதைப் போட்டாலும் ஓடும். உப்பு குறைந்த வைகைக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் அதே சர்க்யூட் மௌனமாக இருந்தால் சர்க்யூட்டைக் குறை சொல்லாதீர்கள். டெஸ்டரில் 400-க்கு மேல் காட்டும் டிரான்சிஸ்டராகப் பார்த்து மாற்றுங்கள்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும், கெயின் ஏறும். 547-ஐ விரலிடுக்கில் அரை நிமிடம் பிடித்துவிட்டு உடனே அளந்து, ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், இரண்டு எண்ணும் மாறியிருக்கும். டேட்டாஷீட் எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. நம் ஊர் சித்திரை வெயிலில் அறையே 35-ஐத் தொடும். ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கு ஜோடி சேர்க்கிறவர்கள் எல்லா டிரான்சிஸ்டர்களையும் ஒரு தட்டில் போட்டுக் கால் மணி நேரம் அப்படியே விட்டு, பிளாஸ்டிக் கவ்வியால் எடுத்து, ஒரே மூச்சில் அளக்கவேண்டும். ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது.

பவர் டிரான்சிஸ்டருக்கு வந்தால் எச்எஃப்இ எண்ணை மறந்துவிடலாம். 2என் 3055-க்கு டேட்டாஷீட் சொல்லும் 20 முதல் 70 என்பது 4 ஆம்பியர் ஓடும்போது. டெஸ்டர் அளப்பது சில மில்லிஆம்பியரில். உயிர் இருக்கிறதா, எந்தக் கால் எது, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஐபி 122 போன்ற டார்லிங்டனில் பேஸ்-எமிட்டர் 1.2 வோல்ட் சுற்றிக் காட்டினால் பதறவேண்டாம், உள்ளே இரண்டு ஜங்ஷன் வரிசையாக இருக்கின்றன.

டயோடில் பெயர் அழிந்துபோன சரக்கை இனம் பிரிக்க இது அருமையான கருவி. கடத்தும்போது குறுக்கே நிற்கும் வோல்ட்டேஜைப் பாருங்கள்: சாதாரண சிலிக்கான் 0.6 முதல் 0.7 வோல்ட், 1என் 5819 போன்ற ஷாட்கி 0.3-க்குக் கீழே, பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய ஜெர்மானியமும் 0.3 சுற்றித்தான். ஷாட்கியா ஜெர்மானியமா என்று குழம்பினால் கூடவே காட்டும் கெபாசிட்டன்ஸைப் பாருங்கள். 1 ஆம்பியர் ஷாட்கியில் நூறு பிகோஃபாரட்டுக்கு மேல் வரும், கண்ணாடி உடம்பு ஜெர்மானியத்தில் ஒன்றும் தேறாது.

குறிப்பிட்ட வோல்ட்டேஜில் எதிர்த்திசையிலும் கடத்தும் ஜீனர் டயோடில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 5 வோல்ட் கருவி 12 வோல்ட் ஜீனரை எப்படி அளக்கும்? சாதாரண டயோடு என்றே காட்டும், அது பழுது அல்ல. 3.3 வோல்ட் ஜீனரை இரண்டு டயோடு எதிரெதிராக இருப்பதுபோல் காட்டும், அதுவும் 3.3-க்குக் குறைவாக. ஏனென்றால் 1என் 4728ஏ-யின் 3.3 என்பது 76 மில்லிஆம்பியரில் சொன்ன மதிப்பு, டெஸ்டர் தருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 12 வோல்ட் ஜீனரைப் பார்க்க இரண்டு 9 வோல்ட் பேட்டரியை வரிசையாக மாட்டி 18 வோல்ட் ஆக்குங்கள். 1 கிலோஓம் ரெசிஸ்டரை வரிசையில் போடுங்கள். ஜீனரின் கோடு பிளஸ் பக்கம். ஜீனரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர். 6 மில்லிஆம்பியர் ஓடும், மீட்டர் 12-ஐ ஒட்டி நின்றால் நல்லது. இதற்கு டெஸ்டரே வேண்டாம்.

மாஸ்ஃபெட் (கேட், டிரெயின், சோர்ஸ் என்ற மூன்று கால்களோடு, கேட்டில் கொடுக்கும் வோல்ட்டேஜால் திறக்கும் டிரான்சிஸ்டர்) பகுதிக்காக மட்டுமே இந்தக் கருவியை வாங்கலாம். காரணம், ஐஆர்எஃப்இசட் 44என் என்று அச்சடித்து வரும் சரக்கில் போலி கலந்திருக்கிறது. உள்ளே சின்னச் சிலிக்கான் துண்டை வைத்துப் பெரிய பெயர் போட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. கேட் கெபாசிட்டன்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். அசல் 44என்-ன் இன்புட் கெபாசிட்டன்ஸ் டேட்டாஷீட்டில் 1470 பிகோஃபாரட், ஐஆர்எஃப் 540என்-க்கு 1960. அவை டிரெயினில் 25 வோல்ட் வைத்து அளந்தவை. டெஸ்டரில் டிரெயின் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட இல்லை என்பதால் அசல் பாகம் அதைவிடக் கூடுதலாகத்தான் காட்டவேண்டும். 500, 600 என்று காட்டினால் அது அந்தப் பெயருக்கு உரியது அல்ல, திருப்பிக் கொடுங்கள்.

சந்தேகம் மிச்சம் இருந்தால் இன்னொரு சோதனை. பேட்டரி ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட் பேட்டரியும், வண்டி இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பும் போதும். சோர்ஸை பேட்டரி மைனஸில் கொடுங்கள். பல்பை பிளஸுக்கும் டிரெயினுக்கும் நடுவே போடுங்கள். கேட்டை 220 ஓம் வழியாக பிளஸில் தொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், சுமார் 1.75 ஆம்பியர் ஓடும். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, முனைகளை மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் கால்களிலேயே நேராக அழுத்துங்கள். ஒயரில் வைத்து அளந்தால் ஒயரின் இழப்பும் சேர்ந்துகொள்ளும். 44என்-ன் ஆன் ரெசிஸ்டன்ஸ் 17.5 மில்லிஓம், ஆகவே 30 மில்லிவோல்ட் சுற்றி வரவேண்டும். 100-ஐத் தாண்டினால் போலி என்று தைரியமாகச் சொல்லலாம். அதே போலியில் 10 ஆம்பியர் ஓட்டினால் அசலில் 1.75 வாட் ஆகவேண்டிய வெப்பம் 6 வாட்டுக்குப் போகும்.

டெஸ்டர் காட்டும் த்ரெஷோல்ட் எண்ணைப் பார்த்து "3.2 வோல்ட்தானே, ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் போதும்" என்று முடிவு கட்டக்கூடாது. த்ரெஷோல்ட் என்பது கதவு லேசாகத் திறக்கும் புள்ளி மட்டுமே. 44என் முழுசாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டில் ஓட்டவேண்டுமென்றால் ஐஆர்எல்இசட் 44என் கேளுங்கள். அந்த 'எல்' எழுத்தைக் கடையில் அழுத்திச் சொல்லவேண்டும், 'எஃப்' என்று காதில் விழுந்து வேறு பாகம் கைக்கு வருவது சகஜம். ஈஎஸ்பி 32 போர்டு தரும் 3.3 வோல்ட்டுக்கு அதுவும் இழுபறிதான். நடுவே ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போட்டு கேட்டுக்கு 12 வோல்ட் கொடுப்பதே நிம்மதி. எந்த மாஸ்ஃபெட்டாக இருந்தாலும் கேட்டில் இருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம் கட்டாயம். இல்லாவிட்டால் மைக்ரோகன்ட்ரோலர் துவங்கும் நேரத்தில் கேட் அந்தரத்தில் தொங்கி, மோட்டார் தானாக ஓடும்.

இனி, டெஸ்டர் "பாகம் இல்லை அல்லது பழுது" என்று சொன்னாலும் தூக்கி எறியக்கூடாத சரக்கு. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைத் திறந்தால் வருகிற டிபி3 டயாக் அதில் முதலாவது. அது திறப்பதே 32 வோல்ட் சுற்றி. நல்ல டிபி3 5 வோல்ட்டில் ஒன்றுமே காட்டாது, ஏதாவது காட்டினால் கெட்டது. பக்கத்தில் இருக்கும், ஏசியை ஸ்விட்ச் செய்யும் பிடி 136 டிரையாக் இரண்டுங்கெட்டான். 600இ வகை என்றால் பெரும்பாலும் டிரையாக் என்று அடையாளம் காட்டும். சாதாரண வகைக்கு கேட் கரண்ட் 35 மில்லிஆம்பியர் வரை தேவைப்படலாம் என்பதால் சில காட்டும், சில காட்டாது. பிடிஏ 16-ன் 600பி வகைக்கு 50 வரை வேண்டும், இதனிடம் எதிர்பார்க்கவே கூடாது. பிசி 817 (PC817) ஆப்டோகப்ளரில், அதாவது உள்ளே எல்இடி வெளிச்சத்தால் மறுபக்கத்தை இயக்கும் பாகத்தில், 1, 2 கால்களை மட்டும் செருகினால் 1.1 வோல்ட் சுற்றி எல்இடியாகத் தெரியும். மறுபக்கத்துக்கு, எல்இடியைத் தனி பேட்டரியில் 470 ஓம் போட்டு எரியவிட்டு மல்டிமீட்டரில்தான் பார்க்கவேண்டும்.

5 வோல்ட் தரும் ரெகுலேட்டரான 7805-ஐ இதில் செருகி வரும் படத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் பலர். ரெகுலேட்டர் ஐசியை இந்தக் கருவி அறியாது, அதனால் மனம்போன படத்தைப் போடும். 7805-ஐச் சோதிக்க இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டு, 12 வோல்ட் கொடுத்து, 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரை லோடாக வைத்து அளங்கள். 4.8-க்கும் 5.2-க்கும் இடையே நின்றால் சரி. நன்றாக இருந்த 7805 பெட்டிக்குள் போனதும் விட்டு விட்டு வேலை செய்கிறது என்றால் பாகத்தில் கோளாறு இல்லை, கணக்கில்தான். ஹீட் சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். மே மாத மதுரையில் சுற்றுப்புறமே 40. உள்ளே 125-ஐத் தாண்டக்கூடாது என்றால் மிச்சம் 85 டிகிரி, அதாவது 1.3 வாட். 12 வோல்ட்டில் இருந்து 5-க்கு இறக்கும்போது 7 வோல்ட் வெப்பமாகப் போகிறது, ஆகவே 190 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கமுடியாது. மூடிய பெட்டியில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்றால் அதுவும் இல்லை. ஹீட் சிங்க் போடுங்கள், அல்லது பக் கன்வர்ட்டர் மாட்டிவிடுங்கள். 7805, மைனஸ் 5 வோல்ட் தரும் 7905 இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் திருகும்போது நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வேண்டும்: 7805-ன் உலோக முதுகு கிரவுண்ட், 7905-ன் முதுகு இன்புட்.

கருவியைக் கொல்லும் ஒரே பெரிய எதிரி சார்ஜ் இறங்காத கெபாசிட்டர். மூன்று முனைகளும் மைக்ரோகன்ட்ரோலரின் கால்களுக்கு நேராகப் போகின்றன. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போர்டில் இருந்து கழற்றிய 400 வோல்ட் கெபாசிட்டரில் 325 வோல்ட் மிச்சம் இருக்கலாம். அது கருவியை மட்டுமல்ல, கையையும் தாக்கும். 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரின் கால்களுக்கு நல்ல ஸ்லீவ் போட்டு, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் பத்து நொடி பிடியுங்கள். 100 மைக்ரோஃபாரட்டுக்கு ஐந்து நொடியிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். பிறகு மல்டிமீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்துகொண்டுதான் சாக்கெட்டில் வைக்கவேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், முனை உருகித் தெறிக்கும். போர்டில் இருக்கும் பாகத்தை அப்படியே ஒயர் போட்டு அளப்பதும் பயன் தராது, அக்கம்பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து பதில் சொல்லும். கழற்றித்தான் அளக்கவேண்டும்.

சாக்கெட் இதன் பலவீனமான இடம். 7805, 44என் போன்ற டிஓ-220 வடிவப் பாகங்களின் தடித்த கால்களைத் திணித்துத் திணித்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், பிறகு 547-ன் மெல்லிய கால் பிடிக்காது. மூன்று முனைகளிலும் ஹூக் கிளிப் ஒயர் தனியாக வைத்துக்கொண்டு தடித்ததை எல்லாம் அதில் மாட்டுங்கள். ஒயர் மாட்டிய பிறகு ஒருமுறை கேலிபரேஷன் செய்யவேண்டும்: மூன்று முனைகளையும் ஒன்றாக ஷார்ட் செய்து பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கருவிகள் தானாகவே அந்த நிலைக்குப் போகும், பிரிக்கச் சொல்லும்போது பிரித்துவிடுங்கள். பழைய போர்டில் இருந்து கழற்றிய பாகத்தின் காலில் ஃப்ளக்ஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் தின்னரில் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

இதே குடும்பத்தில் டிசி1 என்று கலர் டிஸ்ப்ளேயும் சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ள ஒன்று கொஞ்சம் கூடுதல் விலையில் வருகிறது. அதில் ஜீனருக்கென்று தனி முனை உண்டு, 30 வோல்ட் வரை அளக்கும். பவர் சப்ளை பழுது பார்க்கிறவர்கள் அதையே வாங்கலாம். கல்லூரி புராஜெக்ட்டுக்கும் வீட்டு மேசைக்கும் டி4 போதும். பெட்டி இல்லாமல் வெறும் போர்டாக வருவதை வாங்கினால் அடியில் ஒரு அக்ரிலிக் துண்டாவது திருகிவிடுங்கள், மேசையில் கிடக்கும் ஈயத் துணுக்கே ஷார்ட் ஆக்கப் போதும்.

வாங்கும்போது கடையிலேயே பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். போகும்போது நல்ல நிலையில் இருக்கும் ஒரு பிசி 547, ஒரு 1என் 4007, ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர், புது 9 வோல்ட் பேட்டரி எடுத்துப் போங்கள். 547-ஐ நேராக ஒருமுறை, திருப்பி ஒருமுறை வையுங்கள். முனை எண்கள் இடம் மாறவேண்டும், கெயினும் பேஸ் வோல்ட்டேஜும் மாறக்கூடாது. ரெசிஸ்டரை 1-2, 2-3, 1-3 என்று மூன்று ஜோடியிலும் வையுங்கள். ஏதாவது ஒரு முனை வரும் ஜோடிகளில் மட்டும் எண் தள்ளி வந்தால் அந்த முனையின் ரெசிஸ்டரோ சாக்கெட் ஈயமோ சரியில்லை என்று அர்த்தம், வேறு ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.